டிடிபி கடையும் என் கதைகளும்

கதை எழுத ஆசைப்படுகிற பிள்ளைகள் யாராவது வந்து, “அக்கா, வேலைய விட்டுட்டு முழுநேரமா எழுதலாம்னு இருக்கேன்” என்று சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்கிவிடும். விடாதீர்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் திருநெல்வேலிச் சீமையில் எழுதிப் பேர் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தார். கலாப்ரியாவும் வங்கிதான். பூமணி கூட்டுறவுத் துறை. உதயசங்கர் ரயில்வே. தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரம் பார்த்துக்கொண்டே நாவல் எழுதினார், 1997-ல் சாகித்ய அகாதமி விருதும் வாங்கினார். கி. ராஜநாராயணனுக்கு இடைசெவலில் விவசாயம். பத்திரிகை, சினிமா என்று எழுத்தையே பிழைப்பாக்கிக்கொண்டு சென்னைக்குப் போன புதுமைப்பித்தன் 1948-ல், 42 வயதில் காசநோயில் போய்ச் சேர்ந்தார். அவர் எழுதியதில் ஒரு பக்கத்துக்கு நாம் எல்லோரும் சேர்ந்தாலும் ஈடாக மாட்டோம், அது வேறு விஷயம். ஆனால் வீட்டு வாடகை என்று ஒன்று இருக்கிறது.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்திருக்கிறது, ஒரு நாவல் அச்சுக்குப் போகிறது. பகலில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு டிடிபி கடையில், அதாவது கம்ப்யூட்டரில் அடித்து அச்சுக்குத் தயார் பண்ணிக் கொடுக்கிற கடையில் வேலை. பிறந்தது ஆலங்குளம் பக்கம் ஒரு கிராமம். 2019-ல் தென்காசி மாவட்டம் பிரிந்ததில் ஊர் அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனாலும் யாராவது கேட்டால் திருநெல்வேலி என்றுதான் வாயில் வரும்.

எங்கள் வளவில் எல்லா வீட்டிலும் பீடி சுற்றுவார்கள். ராத்திரியே இலையை நனைத்து வைப்பார்கள். காலையில் தகரத் தகடை அளவுக்கு வைத்து வெட்டி, மடியில் சுளகை வைத்துக்கொண்டு தூள் போட்டுச் சுற்றி, நூல் கட்டி, வாயை மடக்கி, சாயங்காலம் பீடிக் கடையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. கை ஓயாது, ஆனால் காது சும்மாதான் இருக்கும். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வந்ததுமே ஆச்சி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். “ஏளா, ஒன் பங்கு பீடிய நாங்க சுத்துதோம், நீ தொடர்கதைய வாசி.” இரவல் வாங்கிய வார இதழ்களைப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சத்தமாக வாசிப்பேன். சினிமா செய்தி, ஜோசியம், கடைசிப் பக்கத்து விளம்பரம் வரைக்கும் வாசிப்பேன்.

நான் எங்கே கதை எழுதக் கற்றுக்கொண்டேன் என்று கேட்டால் அந்தத் திண்ணையைத்தான் சொல்ல வேண்டும். மலை, நிலா, தென்றல் என்று எழுத்தாளர் வர்ணிக்க ஆரம்பித்தால் பெண்கள் பக்கத்து வீட்டுக் கதை பேசத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு பேர் பேசிக்கொள்கிற இடம் வந்தால் கத்தரிக்கோல் சத்தம்கூடக் குறையும். கதாநாயகி எதற்காக அழுகிறாள் என்று எழுத்தாளர் விளக்கினால் ஆச்சிக்குக் கோபம் வரும். “அதான் தெரியுதுல்லா, மேல வாசி” என்பாள். நானும் கொஞ்ச நாளில் அப்படிப்பட்ட வரிகளை வாசிக்காமலே தாண்ட ஆரம்பித்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்போது என் கதையைத் திருத்தும்போதும் அதையேதான் செய்கிறேன். ஒருவரை உட்கார வைத்துச் சத்தமாக வாசித்துக் காட்டுவேன். அவர் கருத்தைக் கேட்க மாட்டேன், கருத்துக் கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். அவர் எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறார் என்று மட்டும் பார்ப்பேன். அந்தப் பத்தியில் ஏதோ கோளாறு.

கல்லூரியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பி.காம். முடித்தேன், தமிழ்த் தட்டச்சு கற்றேன், டிடிபி கடையில் சேர்ந்தேன்.

அங்கே வருகிற வேலையைச் சொன்னால் உங்களுக்கே புரியும். கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா பிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி, பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடு, கோயில் கொடை என்கிற எங்கள் பக்கத்துத் திருவிழாவுக்கான நோட்டீஸ். கொடை நோட்டீசில் குடியழைப்பு எத்தனை மணி, மாக்காப்பு தீபாராதனை எத்தனை மணி, வில்லிசை யார், கணியான் கூத்து உண்டா, சாமக்கொடை எப்போது என்று எல்லாம் வரிசையாக வர வேண்டும். வரி கொடுத்தவர்களில் ஒரு பேர் விட்டுப்போனால் கடைக்கு முன்னால் கூட்டம் கூடிவிடும். கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்கள் அழுதுகொண்டே வந்து, போட்டோ எந்த அளவில் போட வேண்டும் என்று ரொம்பக் கறாராகச் சொல்வார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருப்பதை அங்கேதான் பார்த்தேன்.

என் முதல் கதையே ஒரு புரூஃப் தாளில், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கக் கொடுக்கிற தாளில்தான் கிடைத்தது. ஒரு கல்யாணப் பத்திரிகை. அப்பா இறந்துபோன வீடு. அழைப்பவர் பேராக அம்மாவின் பேரை அடித்துக் கொடுத்திருந்தேன். மறுநாள் புரூஃப் திரும்பி வந்தபோது அந்தப் பேர் சிவப்பு மையில் அடிபட்டு, மேலே பெரியப்பா பேர் எழுதப்பட்டிருந்தது. திருத்திக் கொடுத்தேன். அடுத்த முறை பெரியப்பா பேர் அடிபட்டு நீல மையில் அம்மா பேர் வந்தது. யார் கையெழுத்து என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பென்சிலில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வந்தது. கடை முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. “முடிவு பண்ணிட்டு வாங்க அண்ணாச்சி” என்று திருப்பி அனுப்பினார். கடைசியில் எந்தப் பேர் அச்சானது என்பதை இங்கே சொல்லப் போவதில்லை. கதையிலும் சொல்லவில்லை.

அந்தக் குடும்பத்தை நான் எழுதவில்லை, அது முக்கியம். தாளையும் மையின் நிறங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊரை வீரவநல்லூருக்கு மாற்றினேன், பெரியப்பாவைத் தாய்மாமனாக்கினேன், கல்யாணத்தைக் காதணி விழாவாக்கினேன். நமக்குத் தெரிந்தவர்களை வைத்து எழுதும்போது சாதி, தொழில், ஊர், உறவுமுறை இந்த நாலில் மூன்றையாவது மாற்றிவிடுவது என் வழக்கம். அப்படி மாற்றும்போது கதை கெட்டுப்போகிறது என்றால், அந்த வீட்டுச் சண்டையைச் சொல்லும் ஆசையில்தான் எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம். இவ்வளவு செய்த பிறகும் ஊரில் ஒன்றுக்கு மேற்பட்ட பெண்கள் ‘அது நான்தானே’ என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களில் யாரையும் நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சித்தி இன்னும் பேசுவதில்லை. சரி, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

கதையை அனுப்புவது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ரகசியம் ஒன்றும் இல்லை. எந்த இதழுக்கு அனுப்புகிறோமோ அதன் கடைசி சில இதழ்களை வாங்கி வாசியுங்கள். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்குப் போனால் காசே வேண்டாம். யூனிகோடில் அடித்து, பெயரும் போன் நம்பரும் கோப்புக்குள்ளேயே போட்டு, மின்னஞ்சலில் இரண்டு வரி எழுதினால் போதும். கதைச் சுருக்கம் எழுதாதீர்கள், ‘உங்கள் மேலான பார்வைக்கு’ வேண்டாம். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பினால் இரண்டு பக்கமும் பேர் கெடும். பதில் வராது என்பதற்குத் தயாராக இருங்கள். பெரும்பாலும் மறுப்புக்கூட வராது. மூன்று மாதம் பார்த்துவிட்டு, ‘வேறு இதழுக்கு அனுப்பிக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான். காத்திருக்கிற நேரத்தில் அடுத்த கதையை எழுதவில்லை என்றால்தான் நஷ்டம்.

இன்னொன்றும் செய்யலாம், அதை இங்கே ஒரு பெரியவர் ஆயுசு முழுக்கச் செய்தார். தாமரை இதழின் ஆசிரியராக இருந்த தி.க.சி., டவுணில் சுடலைமாடன் கோயில் தெருவில் இருந்துகொண்டு, எங்கேயோ ஒரு சிற்றிதழில் முதல் கதை எழுதினவருக்குக்கூடத் தபால் கார்டு போடுவார். 2014-ல் இறக்கும் வரைக்கும் அந்தத் தெருவுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். நான் போனதில்லை, அப்போது எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. ஆனால் அந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டேன். பிடித்த கதையை எழுதினவருக்கு, எந்த வரி ஏன் பிடித்தது என்று நாலு வரி எழுதி அனுப்புவேன். என் கதையை இணைத்து அனுப்பியதில்லை, அனுப்பினால் அது கடிதம் இல்லை, விண்ணப்பம். அப்படி எழுதியதில் கிடைத்த சிநேகம்தான் இன்றைக்கும் என் கைப்பிரதியை முதலில் வாசிக்கிறது.

பேச்சு வழக்கு விஷயத்தில் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் புதிதாக எழுத வருகிறவர்கள் ரொம்பத் தடுமாறுகிறார்கள். நெல்லைத் தமிழ் என்று ஒன்றே ஒன்று கிடையாது. டவுண் ரதவீதியில் பேசுவது மேலப்பாளையத்தில் பேசுவதில்லை. அம்பாசமுத்திரம் வயக்காட்டுப் பேச்சு உவரிக் கடற்கரையில் எடுபடாது. கோவில்பட்டிக் கரிசல் காட்டுக்கு வேறு சொற்கள். முன்னே சொன்ன கி. ராஜநாராயணன், அதாவது கி.ரா., 1982-ல் கரிசல் வட்டாரத்துக்கு மட்டுமே தனியாக ஒரு சொல்லகராதி போட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சினிமாக்காரர்கள் நாலு ‘ஏலே’வைத் தூவிவிட்டு நெல்லை என்று சொல்லிவிடுவார்கள். நாமும் அப்படிச் செய்தால் ஊர்க்காரன் முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவான்.

நான் செய்வது இதுதான். கதை சொல்கிற பகுதியைச் சாதாரண எழுத்துத் தமிழில் வைத்துக்கொண்டு, பேச்சில் மட்டும் வழக்கைக் கொண்டுவருவேன். அதிலும் ஒவ்வொரு சொல்லையும் உடைக்க மாட்டேன். வினைமுடிவும் விளியும் சரியாக இருந்தால் மிச்சத்தை வாசகரின் காது பார்த்துக்கொள்ளும். மரியாதைக்குரியவரை ‘வந்தாவ, சொன்னாவ’ என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வதை எழுதினாலே போதும், வேறு அலங்காரம் வேண்டாம். யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதை மட்டும் விடாமல் கவனிப்பேன். கல்யாணப் பத்திரிகை அடித்து அடித்து எனக்கு உறவுமுறை தப்பாது. கடைசியாக, கைப்பிரதியோடு ஒரு பக்கம் தனியாக வைப்பேன். கதையில் வருகிற வட்டாரச் சொற்கள் எல்லாம் இந்த எழுத்துக்கூட்டலில்தான் இருக்க வேண்டும் என்று அதில் பட்டியல் இருக்கும். இல்லையென்றால் எங்கேயோ உட்கார்ந்திருக்கிற புரூஃப் திருத்துபவர் ‘வந்தாவ’ என்பதை ‘வந்தார்கள்’ என்று நல்லெண்ணத்தோடு மாற்றி வைத்துவிடுவார். எழுத்துரு மாற்றும்போது மேற்கோள் குறிகளும் சில கிரந்த எழுத்துகளும் உடைந்துபோவதும் உண்டு. அதனால் கடைசிப் புரூஃப் பார்க்காமல் அச்சுக்கு விடக் கூடாது.

தொகுப்பு போட நான் அவசரப்படவில்லை. அதற்கும் இந்த ஊரே உதாரணம். கி.ரா.வின் முதல் கதை சரஸ்வதி இதழில் வந்தது 1958-ல், அப்போது அவருக்கு வயது முப்பதுகளின் நடுவில். வண்ணதாசன் 1962-ல் எழுத ஆரம்பித்தார், முதல் தொகுப்பு வந்தது 1976-ல். பதினாலு வருஷம். இதை நினைத்துக்கொண்டால் நமக்கு ஒரு நிதானம் வந்துவிடும். ஒரு குறை உண்டு. சாகித்ய அகாதமி 2011-லிருந்து இளம் எழுத்தாளர்களுக்கு யுவ புரஸ்கார் கொடுக்கிறது, அதற்கு 35 வயதுக்குள் இருக்க வேண்டும். என் புத்தகம் வந்தபோது நான் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டேன். கி.ரா. இன்றைக்கு எழுத வந்திருந்தால் அவருக்கும் கிடைத்திருக்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முதலில் என்னை அணுகிய பதிப்பகம் ஒன்று, பேர் வேண்டாம், ‘கதைகள் அற்புதம்’ என்று பாராட்டிவிட்டு அச்சுச் செலவை நான் கொடுக்க வேண்டும் என்றது. தொகையையும் சொன்னார்கள். அவர்களுடைய போதாத காலம், நான் டிடிபி கடைக்காரி. 128 பக்கப் புத்தகம் என்றால் 16 பக்கம் வீதம் 8 ஃபாரம். ஃபாரத்துக்கு என்ன ஆகும், மேலட்டைக்கு, லேமினேஷனுக்கு, பைண்டிங்குக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்கு ஒரு டீ குடிக்கிற நேரம்தான் ஆனது. அவர்கள் கேட்டது அதைவிட ரொம்ப அதிகம். மரியாதையாக மறுத்துவிட்டேன். உங்களுக்கு இந்தக் கணக்குத் தெரியாவிட்டால், பக்கத்தில் இருக்கிற அச்சகத்தில் போய் ஒரு கொட்டேஷன் கேளுங்கள். சும்மாவே கொடுப்பார்கள். சொந்தக் காசில் புத்தகம் போடுவது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் சொந்தக் காசில் போட்டுவிட்டு உரிமையை இன்னொருவரிடம் விடுவதுதான் எனக்குப் புரிவதில்லை.

ராயல்டி பொதுவாக விலையில் 10 சதவீதம் என்பார்கள். முன்னெல்லாம் முதல் பதிப்பே 1,000, 1,200 பிரதி அடிப்பார்கள். இப்போது தேவைக்கேற்ப அச்சிடுகிற வசதி வந்துவிட்டதால் 300-ம் அதற்குக் கீழேயும் சகஜம். 200 ரூபாய் புத்தகம் 300 பிரதியும் விற்றால் எழுத்தாளருக்கு 6,000 ரூபாய். மாதாமாதம் அல்ல, மொத்தமே அவ்வளவுதான். வேலையை விடாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? நூலகத் துறை வாங்கினால் எண்ணிக்கை கூடும். ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

ஒப்பந்தம் என்று சொன்னாலே ‘நமக்குள்ள எதுக்கு அதெல்லாம்’ என்று சிலர் சிரிப்பார்கள். நமக்குள் என்பதால்தான் வேண்டும். 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை ஒருமுறை யாரையாவது வைத்து வாசித்துப் பாருங்கள். உரிமையை எழுதிக் கொடுப்பது கையெழுத்தோடு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். எத்தனை வருஷம் என்று போடவில்லை என்றால் ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொள்வார்கள். எந்தெந்த நாட்டுக்கு என்று போடவில்லை என்றால் இந்தியா மட்டும். வேறு மாதிரி எழுதப்படாத பட்சத்தில், வாங்கின உரிமையை ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். அதனால்தான் சில ஒப்பந்தங்களில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுவதும்’, ‘இனி வரப்போகும் அனைத்து வடிவங்களிலும்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அந்த வரிகளைத் தேடிப் பிடித்து அடிக்கச் சொல்ல வேண்டும்.

எப்போது எழுதுகிறேன் என்று கேட்பார்கள். பெண்களிடம்தான் அதிகம் கேட்கிறார்கள், ஆண் எழுத்தாளர்களை இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆலங்குளத்திலிருந்து ஜங்ஷனுக்குப் பஸ்ஸில் வருகிற நேரம்தான் என் எழுத்து நேரம். மாறாந்தை, சீதபற்பநல்லூர், பழையபேட்டை. உட்கார இடம் கிடைத்தால் செல்போனில் தட்டுவேன். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே அடுத்த வரியை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். வீட்டுக்குள் நுழைந்தபின் எழுத்து கிடையாது. மாமியார் சீரியல் பார்க்கிற நேரத்தில் திருத்தம் மட்டும் நடக்கும்.

தட்டியதை அன்றன்றைக்கே எனக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவேன். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டார்கள். தாமிரபரணி ஜங்ஷனுக்குள் புகுந்தபோது எங்கள் கடையிலும் தண்ணீர். சிபியு எல்லாம் சேற்றில் கிடந்தது. பத்திரிகை, ஆய்வேடு, கொடை நோட்டீஸ் என்று பல வருஷக் கோப்புகள் போயின. முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஆய்வேட்டுப் பிள்ளைகள் சிலர் அழுதார்கள், இரண்டாவது பிரதி வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள். என் நாவலின் பாதி மின்னஞ்சலில் பத்திரமாக இருந்தது. பென்டிரைவை அதே மேஜை டிராயரில் வைத்துவிட்டு, பாதுகாப்பாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த நாவலுக்கு இப்போது வேறொரு பதிப்பாளர் கிடைத்திருக்கிறார், நல்ல மனிதர். முன்பணம் கேட்டுப் பார்த்தேன், வாய்விட்டுச் சிரித்தார். சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அச்சு உரிமை மட்டும், ஐந்து வருஷம், ஒலிப்புத்தகமும் சினிமாவும் மொழிபெயர்ப்பும் என்னிடம் என்று எழுதச் சொன்னேன். “ஒலிப்புத்தகம் யாரும்மா கேக்கப் போறாங்க?” என்றார். பீடி சுற்றுகிறவர்கள் கேட்பார்கள் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.